பராமரிப்பு நாளில் வெள்ளியங்கிரி

"செத்தவருக்கு நாளைக்கு டூட்டி இருக்குதுங்களாமா?"

பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இருந்த அம்மா போனில் கேட்டார். அவர் மடியில் அன்றைய செய்தித்தாள், 'நாளை மின்தடை ஏற்படும் இடங்கள்' மேலே தெரியும்படி மடித்து வைக்கப்பட்டிருந்தது. மறுமுனையில் சொன்ன பதிலைக் கேட்டுக்கொண்டார். "அப்பச் சரிங்க. காத்தால ஒம்பதுக்கு முன்னாலயே வந்து மாலையப் போட்டர்றன். சுத்த ஆரம்பிச்சிட்டா எட்டாதுங்கல்ல" என்று சொல்லிவிட்டு போனைப் பைக்குள் வைத்தார்.

அவர் பேசியது எங்கள் காலனியைப் பற்றி. இறந்தவர் வெள்ளியங்கிரி அண்ணன். எங்கள் பம்பில் சுழலும் சக்கரம் அவர்தான்.

செங்காளி நகரில் நூற்று நாற்பது வீடுகள் இருக்கின்றன. ஒரு கிணறு, ஒரு மேல்நிலைத் தொட்டி, இரண்டுக்கும் நடுவில் ஒரு வீடியோ. மூன்று வருடங்களுக்கு முன் மோட்டார் எரிந்துபோன வாரத்தில் தமயந்தி என்ற வீடியோ கலைஞர் எங்கள் மோட்டார் ரூமைக் கேட்டு வந்தார். மனித உடம்பையும் அசைவையும் இயந்திரங்களையும் வைத்துப் படம் எடுப்பவர். சும்மா கிடக்கிற அறைதானே என்று சங்கம் பத்து நாள் காட்சிக்குக் கொடுத்தது. அவர் காலனியிலிருந்து நான்கு பேரைத் தேர்ந்தெடுத்தார். எரிந்துபோன பம்பின் வேலையை, ஆளுக்கு ஒரு பாகமாக, உடம்பால் செய்யச் சொல்லிப் படம்பிடித்தார். ஒவ்வொருவருடைய அசைவும் நான்கு விநாடிகள்தான். அதை முடிவே இல்லாமல் திரும்பத் திரும்ப ஓடும்படி ஒட்டி, சுவரில் நான்கு கட்டங்களாகக் காட்டினார். காட்சி தொடங்கிய பன்னிரண்டாவது நிமிடம் மேலே தொட்டியில் தண்ணீர் விழுந்தது. சங்கம் புது மோட்டார் வாங்கவில்லை.

முதல் கட்டத்தில் வெள்ளியங்கிரி அண்ணன். லேத் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். இடது குதிகாலை ஊன்றி, இரண்டு கைகளையும் பின்பக்கம் லேசாக வளைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே சுற்றுவார். இரண்டாவதில் ஸ்டெல்லா டீச்சர், பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். அவர் சக்கரத்தைத் தாங்கும் தண்டு. விறைப்பாக நின்று நடுங்குவார். மூன்றாவதில் கறிக்கடை மன்சூர் அண்ணன், தண்ணீரை மேலே அனுப்பும் குழாய். வயிற்றருகே இருந்து இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்குவார், இறக்குவார், தூக்குவார்.

நான்காவதில் நான்.

தமயந்தி ஆள் தேர்ந்தெடுக்க வந்த நாளில் நான் சங்கக் கட்டடத்தின் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். யாராவது உற்றுப் பார்த்தால் என் இரண்டு உள்ளங்கைகளும் ஒன்றையொன்று பற்றி மூடிக்கொள்ளும். சிறு வயதிலிருந்தே அப்படித்தான். "ஃபுட் வால்வ் கிடைச்சாச்சு" என்றார். கிணற்றின் அடியில், குழாயின் வாயில் இருக்கும் வால்வ் அது. தண்ணீர் உள்ளே ஏறும்போது திறக்கும், ஏறிய தண்ணீர் திரும்பி விழாமல் மூடும். என்னைப் படம் எடுத்தபோது கேமராவை வைத்துவிட்டு எல்லோரும் வெளியே போய்விட்டார்கள். அவர்கள் இருந்தவரை கை திறக்கவில்லை.

காட்சி இடைவிடாதது, திரை நின்றால் உடல் தொடரும் என்று ஒரு தாளில் நாங்கள் நால்வரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அதன்படி மின்சாரம் போகும்போதெல்லாம், எங்கே இருந்தாலும், எங்கள் உடம்பு அசைவை எடுத்துக்கொள்ளும். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்றால் தெரியாது. நான் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் அடித்துக்கொண்டிருக்கும்போது கை திறந்து மூடும். 'கல்லீரல் இயல்பாக உள்ளது' என்பதைச் சற்றுத் தாமதமாக அடிப்பேன். மன்சூர் அண்ணன் கத்தியை முதலில் கீழே வைத்துவிடுவார். இன்வர்ட்டரில் வீடியோவை ஓட்டிப் பார்த்தோம். தொட்டியிலிருந்த தண்ணீர் கிணற்றுக்கு இறங்கிவிட்டது. அதை அப்போதே விட்டுவிட்டோம்.

மாதம் ஒருமுறை வரும் பராமரிப்பு நாள்தான் முழு வேலை. காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை. அன்றைக்கு நால்வரும் சங்கக் கட்டடத்தில் கூடுவோம். சுற்றியுள்ள காலனிகளுக்கெல்லாம் அன்று தண்ணீர் கிடையாது என்பதால் குடங்களோடு எங்கள் தொட்டிக்கு வருவார்கள். ஏறும் தண்ணீர் ஏற ஏற இறங்கிவிடும். நான் சுவரைப் பார்த்து உட்காருவேன். அந்த நாளில் என்னைப் பார்க்காமல் இருப்பது எங்கள் காலனியின் பழக்கம். வாசலைக் கடக்கிறவர்கள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "சாப்டியா கண்ணு?" என்று கேட்பார்கள்.

சாப்பாடு கொடுப்பது வெள்ளியங்கிரி அண்ணனின் மனைவி துளசிமணி அக்கா. எங்கள் மூவருக்கும் தயிர்சாதத்தை ஊட்டிவிட்டு, கடைசியாக அவரிடம் போவார். உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு, வாய் எதிரே வரும்போது வைப்பார். ஒரு சுற்றுக்கு ஒரு உருண்டை.

"உப்பு…" என்பார் அண்ணன். அவர் முதுகு போய் முகம் மறுபடி வரும். "…பத்தல."

"சுத்தறவங்களுக்கு ரெத்தக்கொதிப்பு இருக்குதுங்களே, அதான்" என்பார் அக்கா, அடுத்த உருண்டையோடு.

"டீச்சர், நீங்க நடுங்குறதுல என் பாய் நகருது" என்பார் மன்சூர் அண்ணன்.

"நீ கையத் தூக்கறப்ப என் சேலைத் தலைப்பும் கூடப் போகுது. நான் ஏதாவது சொன்னனா?" என்பார் டீச்சர். நான் சுவரைப் பார்த்துச் சிரிப்பேன்.

ஐந்து மணிக்கு மின்சாரம் வந்து எல்லோரும் நின்றதும் வெள்ளியங்கிரி அண்ணன் மட்டும் கட்டடத்தின் பின்னால் போய் வாந்தி எடுப்பார். அக்கா அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பிறகு வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தரையில் படுக்க வைப்பார். கட்டிலில் படுத்தால் கட்டிலும் சுற்றுகிறது என்பார் அண்ணன்.

அவர் புதன்கிழமை காலை, பல் துலக்கும்போது மாரடைப்பில் இறந்தார். வியாழக்கிழமை பராமரிப்பு நாள்.

புதன் மாலை நான் பேருந்திலிருந்து இறங்கி நேராக அவர் வீட்டுக்குப் போனேன். குளிர்பெட்டிக்குள் படுத்திருந்தார். கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அக்கா சங்கச் செயலாளர் தண்டபாணி சாரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"ஒம்பது மணிக்கு முன்னால எடுத்தர்லாமுங்களா சார்?"

"பையன் வர மத்தியானம் ஆகுமல்லங்க. பெத்த பையன் மொகம் பாக்காம எப்படி எடுக்கறது?"

"அப்ப அவரு சுத்தோணுமுங்களா?"

"அஞ்சு மணிக்குக் கரண்ட் வந்துரும். ஆறுக்குள்ள, பொழுது எறங்கறதுக்கு முந்தி எடுத்தர்லாம். எடுத்துட்டு வந்து எரநூறு பேரு குளிக்கோணும், பாத்துக்குங்க. தண்ணிக்கு எங்க போறது?"

தண்டபாணி சார் கெட்டவர் இல்லை. எந்த வீட்டில் குழாய் ஒழுகினாலும் அவரே வாஷரோடு வந்துவிடுவார். அவர் தமயந்திக்கும் போன் போட்டார். தமயந்தி வேறொரு நாட்டில் நகரும் படிக்கட்டுகளோடு ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் அவர் குரலுக்குப் பின்னால் படிக்கட்டின் சத்தம் கேட்டது. "உடம்பு இருக்கிறவரை அந்த இடம் காலியில்லை சார். எரித்த பிறகு காலியாகும். அப்புறம் யார் வேண்டுமானாலும் சுவருக்கு முன்னால் அந்தக் கட்டத்தில் நிற்கலாம். தொட்டியில் தண்ணீர் விழுகிறவரை நிற்காமல் சுற்ற வேண்டும். பிறகு அந்த அசைவைச் சுவர் எடுத்துக்கொள்ளும். என் அனுதாபங்களைச் சொல்லிவிடுங்கள்" என்றார்.

துளசிமணி அக்கா தலையாட்டினார். "உசுரோட இருக்கறப்பவே சாயங்காலம் நிக்க முடியாதுங்க அவருக்கு" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் நாங்கள் மூவரும் சங்கக் கட்டடத்துக்குப் போகாமல் அண்ணன் வீட்டுப் பந்தலுக்கே வந்துவிட்டோம். காலை எட்டே முக்கால் மணிக்குச் சடங்கு செய்பவர் குளிர்பெட்டியின் மூடியைத் திறந்து, கட்டைவிரல் கட்டை அவிழ்த்தார். கட்டோடு சுற்றினால் விழுந்துவிடுவார் என்றார். நாற்காலிகளை மூன்றடி பின்னால் தள்ளிப் போட்டார்கள். பேருந்து அம்மா வந்து, பெட்டிக்குள் குனிந்து ரோஜா மாலையைப் போட்டார். நான் வழக்கம்போல் சுவரைப் பார்த்து உட்கார நினைத்தேன். சுவரோரம் பாடைக்கான மூங்கில்களைச் சாய்த்து வைத்திருந்ததால் துணி துவைக்கும் கல்லின் பக்கத்தில், பந்தலைப் பார்த்தபடி நாற்காலி போட்டார்கள். காலனிக்காரர்கள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்கள்.

ஒன்பது மணிக்கு மின்விசிறி நின்றது. வெள்ளியங்கிரி அண்ணன் எழுந்து நின்றார்.

அவர் உடம்பு விறைத்திருந்தது. எனவே உட்கார்ந்து எழவில்லை, ஒரு பலகையை நிமிர்த்துவதுபோல் நிமிர்ந்தார். பெட்டியிலிருந்து ஒரு கால், பிறகு ஒரு கால். இடது குதிகாலை ஊன்றினார். கைகள் பின்பக்கம் போயின. முதல் சுற்றிலேயே நெற்றிக் காசு பறந்து மீட்டர் பெட்டியில் பட்டுத் தெறித்தது. பிறகு மாலைகள் அவிழ்ந்தன. ரோஜா இதழ்களும் சம்பங்கிப் பூக்களும் வட்டமாகப் பறந்து, சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களின் முகத்திலும் மடியிலும் அடித்தன. அவர்கள் இதழ்களைத் தட்டிவிட்டுக்கொண்டே அழுதார்கள். என் கைகள் திறந்து மூடிக்கொண்டிருந்தன. சுவரோரமாகத் தொட்டிக்குப் போகும் குழாயில் தண்ணீர் ஏறியது.

பந்தலின் ஒரு பக்கத்தில் டீச்சர் நடுங்கினார். இன்னொரு பக்கத்தில் மன்சூர் அண்ணன் கையைத் தூக்கி இறக்கினார். தாமதமாக மாலையோடு வந்த ஒருவரிடம் சடங்கு செய்பவர், "மொகம் வர்றப்பப் போடுங்க. முதுகு வர்றப்பப் போட்டா கழுத்துல நிக்காது" என்றார். அவர் இரண்டு முறை தவறவிட்டு மூன்றாவது முறை போட்டார். அது அரைச் சுற்று நின்றது. பிறகு பறந்து தண்டபாணி சாரின் மடியில் விழுந்தது. அவர் அதைக் கம்பத்தில் தொங்கவிட்டார்.

தெருவில் தண்டபாணி சாரின் மனைவி மரகதம் அம்மா ஒரு பித்தளைக் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார். மயானத்திலிருந்து வந்து சார் குளிப்பதற்கு. தட்டு போட்டு மூடி, வெயிலில் சூடேறும்படி தங்கள் வீட்டு வாசலில் வைத்தார்.

பன்னிரண்டரை மணிக்கு மகன் பிரசன்னா வந்தான். பூனாவில் வேலை பார்ப்பவன். பயணப் பெட்டியைத் தெருவிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தான். அப்பாவின் காலைத் தொட வேண்டும் என்று குனிந்தான். கால் நிற்கவில்லை. அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளங்கையைத் தரையில் விரித்து வைத்தான். வலது பாதம் அதை மிதித்துக் கடந்தது. மறுபடி வந்து மிதித்துக் கடந்தது. அவன் ஏழெட்டுச் சுற்று வரைக்கும் கையை எடுக்கவில்லை. துளசிமணி அக்காதான் வந்து அவனை எழுப்பினார்.

இரண்டு மணி இருக்கும். பேருந்து அம்மா கை கழுவ என் பக்கம் வந்தார். வெளியூர்க்காரர், எங்கள் பழக்கம் அவருக்குத் தெரியாது. எனக்கு நேரே நின்று, என் கைகளையும் முகத்தையும் பார்த்தார்.

"ஏம்மிணி, காத்தாலருந்து இப்படியே பண்ணிட்டிருக்கிறியே, கை வலிக்கலியா?"

என் கைகள் மூடிக்கொண்டன. அவர் பார்த்துக்கொண்டிருந்தார், கைகள் திறக்கவில்லை. குழாய்க்குள் தண்ணீர் ஏறும் சத்தம் நின்றது. பந்தலில் வெள்ளியங்கிரி அண்ணனின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கைகள் தொங்கின. சுற்று பாதியில் நின்று, அவர் உடம்பு துளசிமணி அக்காவின் பக்கமாகச் சரியத் தொடங்கியது. பேருந்து அம்மா தலையைத் திருப்பி, "வெத்தல எங்க வெச்சிருக்கீங்க?" என்று யாரையோ கேட்டார். என் கை திறந்தது. அண்ணன் நிமிர்ந்து மறுபடி சுற்றினார்.

என் கை மூடியதும் அவர் நின்றதை நான் மட்டும்தான் பார்த்தேன். மற்றவர்கள் எனக்கு முதுகைக் காட்டியிருந்தார்கள், அவர் சாய்ந்ததை உடம்பின் அலுப்பு என்று நினைத்திருப்பார்கள். தண்ணீர் இல்லாவிட்டால் சக்கரம் நின்றுவிடும். வால்வ் மூடியே இருந்தால் தண்ணீர் இல்லை. எல்லோரும் என்னைப் பார்த்தால் வால்வ் மூடியே இருக்கும்.

இரண்டிலிருந்து ஐந்து வரை நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஐந்து மணிக்கு மின்சாரம் வந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருநூறு பேர் குளிக்க வேண்டும் என்றும் சொல்லிக்கொண்டேன். உண்மையில் நான் எண்ணிக்கொண்டிருந்தது தலைகளை. பந்தலுக்குள் நூற்று முப்பது, தெருவில் அறுபதுக்கு மேல். கல்லூரியில் ஒருமுறை இருபது பேருக்கு முன்னால் நன்றியுரை சொல்லப் போய், மைக்கைப் பிடிக்கக் கை திறக்காமல் இறங்கி வந்திருக்கிறேன்.

நான்கு ஐம்பதுக்கு மின்சார ஆபீஸிலிருந்து லைன்மேன் சைக்கிளில் வந்தார். ஒரு கம்பம் மாற்ற வேண்டியிருக்கிறது, எட்டு மணி ஆகும் என்றார். பந்தலைப் பார்த்து, செருப்பைக் கழற்றி, கும்பிட்டுவிட்டுப் போனார்.

தண்டபாணி சார் வானத்தைப் பார்த்தார். "அப்ப நாளைக்குத்தானுங்க" என்றார்.

"குளிர்பெட்டி?" என்று பிரசன்னா கேட்டான்.

"சுத்தறவரைப் பெட்டிக்குள்ள எப்படி சாமி வெக்கிறது? எட்டு மணிக்கு மேல வெச்சுக்கலாம்."

வெயில் பந்தலுக்குள் சாய்ந்து அடித்தது. ஈக்கள் வந்திருந்தன, ஆனால் அண்ணன் மேல் உட்கார முடியவில்லை. துளசிமணி அக்கா எழுந்து, அவர் அருகில் போய்த் தரையைப் பார்த்தார். இடது குதிகாலின் தோல் தேய்ந்து, சிமெண்ட் தரையில் ஒரு வட்டம் விழுந்திருந்தது. அக்கா தோளில் கிடந்த துண்டை எடுத்து நான்காக மடித்தார். அவர் சுற்றும்போதே, குதிகால் லேசாக எழும்பும் அந்த இடத்தில், துண்டை அடியில் தள்ளினார். மூன்று வருடம் வாய்க்கு நேரே உருண்டை வைத்த கை, முதல் முறையே சரியாக வைத்தது.

"போதுமுங்க" என்றார் அவரிடம். "வந்து படுங்க."

முகம் போய் முதுகு வந்தது.

நான் நாற்காலியில் ஏறி நின்றேன். "எல்லாரும் என்னப் பாருங்க" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். இந்த முறை என் குரல் எதிர்வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. அது இவ்வளவு கரகரப்பானது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

வெளியூர்க்காரர்கள் முதலில் திரும்பினார்கள். காலனிக்காரர்கள் பழக்கம் காரணமாகத் தயங்கி, பிறகு திரும்பினார்கள். தெருவில் நின்றவர்கள் பந்தலுக்குள் எட்டிப் பார்த்தார்கள். நானூறு கண்கள். என் கைகள் மூடிக்கொண்டன. விரல் எலும்புகள் நொறுங்கும் அளவுக்கு மூடின. குழாய் ஒருமுறை விக்கியது. டீச்சரின் நடுக்கம் நின்றது. மன்சூர் அண்ணனின் கைகள் தொடையருகே இறங்கின. வெள்ளியங்கிரி அண்ணன் கால் சுற்று போய், நின்று, சரிந்தார். அக்கா அவரை நெற்றியில் கைவைத்துத் தாங்கினார்.

மன்சூர் அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. "யாரும் கண்ண எடுக்காதீங்க!" என்று கத்தினார். "அந்தப் புள்ளையவே பாருங்க. பாடையக் கட்டுறவங்களும் பாத்துக்கிட்டே கட்டுங்க."

"தண்ணி?" என்றார் தண்டபாணி சார், என்னைப் பார்த்துக்கொண்டே.

"மொதல்ல ஆள எடுங்க சார்."

அவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டே கட்டினார்கள். முடிச்சுகள் கோணலாக விழுந்தன. என்னைப் பார்த்துக்கொண்டே தூக்கினார்கள். மின்மயானத்துக்கும் அதே மின்தடை என்பதால் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சுடுகாட்டுக்குப் போக வேண்டியிருந்தது. முகம் தெரிய வேண்டும் என்பதற்காக நான் ஊர்வலத்துக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்தேன். ஸ்டெல்லா டீச்சர் என் முழங்கையைப் பிடித்து, "லெஃப்ட்ல குழி, கொஞ்சம் ரைட்டு, ஸ்ட்ரெயிட்" என்று என் முகத்தைப் பார்த்தபடியே சொல்லிக்கொண்டு வந்தார். பெண்கள் சுடுகாட்டுக்கு வருவதில்லை. அதை அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. வழியில் கடைகளில் நின்றவர்கள் ஊர்வலத்தில் வருகிறவர்கள் பார்க்கும் திசையைப் பார்த்து, அவர்களும் என்னைப் பார்த்தார்கள். கன்னம் இரண்டும் காந்தின. கீழே பார்த்தால் தேவலை என்று இருந்தது. பார்க்கவில்லை.

பிரசன்னா என்னைப் பார்த்துக்கொண்டே கொள்ளி வைத்தான். சடங்கு செய்பவர் அவன் மணிக்கட்டைப் பிடித்துச் சரியான இடத்துக்குக் கொண்டுபோனார், அவரும் என்னைப் பார்த்துக்கொண்டுதான். அத்தனை பேருக்கும் முதுகுப் பக்கம் தீ எழுந்தது. அவர்கள் என் முகத்தில் விழுந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளியங்கிரி அண்ணன் எரிந்ததை நான் ஒருத்திதான் பார்த்தேன். அவர் அசையவில்லை. ஒருமுறை விறகு ஒன்று உருண்டது, அவர் உருளவில்லை.

கருகி அடங்கும்வரை நின்றோம். பிறகு மன்சூர் அண்ணன், "போதும், கண்ண எடுத்துக்கங்க" என்றார். அவர்கள் மெல்ல அந்தப் பக்கம் திரும்பினார்கள். சிலர் கண்ணைக் கசக்கிக்கொண்டார்கள். என் கைகள் திறந்து மூடத் தொடங்கின.

நாங்கள் திரும்பி வந்தபோது, எட்டு மணி ஆகும் என்றவர்கள் ஏழரைக்கே மின்சாரம் கொடுத்திருந்தார்கள். மோட்டார் ரூமில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் நடுங்கினார், மன்சூர் அண்ணன் கை தூக்கினார், என் உள்ளங்கைகள் திறந்தன, மூடின. முதல் கட்டத்தில் வெறும் சுவர் தெரிந்தது, அதற்கு நேர் கீழே அறையின் தரையில் ஒரு வட்டம் விழுந்திருந்தது. தொட்டியில் இருந்ததைப் பக்கத்துக் காலனிக்காரர்கள் கடைசிச் சொட்டு வரை பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கிணற்றைக் கான்கிரீட் போட்டு மூடி வருடங்கள் ஆகின்றன, குழாய் மட்டும்தான் உள்ளே போகிறது. இருநூறு பேர் குளிக்காமல், வீட்டுக்குள் போக முடியாமல், தெருவிலேயே நின்றார்கள்.

"யாராவது ஒருத்தரு அந்தக் கட்டத்துல நில்லுங்கப்பா" என்றார் தண்டபாணி சார். "பன்னெண்டு நிமிசம். அப்புறம் மாசத்துல ஒரு நாளுதான்."

"செத்ததுக்கு அப்புறமும்ல" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

தண்டபாணி சார் ஒவ்வொருவராகப் பார்த்தார். "எனக்கு முட்டி வலி" என்றார், யாரும் கேட்காமலே.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே ஆளைப் பார்த்துப் பழகிய கண்கள். அவை ஒவ்வொன்றாக அவர் மேல் போய் நின்றன. மோட்டார் ரூம் வாசலில் நின்றிருந்த துளசிமணி அக்காவும் பார்த்தார். நானும் பார்த்தேன்.

தண்டபாணி சார் செருப்பைக் கழற்றினார். கண்ணாடியை மடித்து மன்சூர் அண்ணனிடம் கொடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சுவருக்கு முன்னால் போய், அந்த வட்டத்துக்குள் இடது குதிகாலை ஊன்றினார். கைகளைப் பின்னால் வளைத்தார். மெதுவாகத்தான் தொடங்கினார். ஐந்தாவது சுற்றில் வேகம் சரியாக வந்தது.

குழாய் காற்றை இழுத்து இருமியது. தண்ணீர் வரவில்லை.

"காத்து அடைச்சிருக்கு" என்றார் மன்சூர் அண்ணன். "சக்கரத்து மேல தண்ணி ஊத்திக் குடுத்தாத்தான் எடுக்கும். யார் வீட்டுல இருக்கு?"

நூற்று நாற்பது வீடுகளில் ஒரு வீட்டில்தான் இருந்தது. மரகதம் அம்மா போய், தட்டை எடுத்துவிட்டு, பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். கணவருக்கு முன்னால் நின்று, குடத்தைத் தூக்கினார். அவர் முகம் வந்தது, போனது.

"தண்ணி…" என்றார் தண்டபாணி சார். முதுகு போய் மறுபடி முகம் வந்தது. "…ஆறிப்போச்சா?"

மரகதம் அம்மா குடத்தைச் சாய்க்கப் போனார். துளசிமணி அக்கா வாசலிலிருந்தபடியே சொன்னார்: "மொகம் வர்றப்ப ஊத்தாதீங்கக்கா, மூச்சுத் திணறும். முதுகு வர்றப்ப ஊத்துங்க."

மரகதம் அம்மா மூன்று சுற்றுகளை விட்டார். நான்காவது சுற்றில், முதுகு வந்தபோது, ஊற்றினார்.